சிவப்புத் தொட்டி

நம்புகிறவர்கள் நம்புங்கள். அந்த ராட்டினத்தை என் கையால் தள்ளிப் பார்த்தவன் நான். நம்பாமல் இருக்க எனக்கு வழியில்லை.

2012. தானே புயல் அடித்து மூன்று மாதம். நெய்வேலி சுரங்கத்தில் நான் காண்ட்ராக்ட் ஆள். முதல் ஷிப்டு முடிந்ததும் மந்தாரக்குப்பத்தில் சாலையோரத் தகர ஷெட் ஒன்றில் வெல்டிங் செய்வேன். கடலூர்க் கடற்கரையில் ஜாஸ்பர் குடும்பத்துக்குச் சின்னதாக ஒரு பூங்கா. அவர் அப்பா காலத்துத் தொட்டி ராட்டினத்தைப் புயல் சாய்த்துவிட்டது. எட்டுத் தொட்டி மேலும் கீழுமாகச் சுற்றும், ஒன்று மட்டும் சிவப்பு. மோட்டார் கிடையாது, கையால் தள்ளுவது. லாரியில் ஏற்றி என்னிடம் கொண்டு வந்தார்.

"புதுசு வாங்கிடலாமே சார்?"

"வாங்கினா எங்கூட்டுக்காரி என்னைய வூட்ட வுட்டே தொரத்திடுவா. துருவ மட்டும் எடுங்கண்ணே. எதையும் மாத்தாதீங்க. ஈஸ்டருக்குள்ள ஓடணும்."

துருவைச் சுரண்டினேன். அச்சுக்கு கிரீஸ் வைத்தேன். ஷெட்டுக்குள்ளேயே நிறுத்திச் சுற்றினேன்.

ஆள் ஏறாத ராட்டினம் எங்கே வேண்டுமானாலும் நிற்க வேண்டும். இது அப்படி நிற்கவில்லை. ஆடி ஆடி, சிவப்புத் தொட்டிதான் கீழே வந்து நின்றது.

மறுபடி தள்ளினேன். சிவப்பு.

மறுபடி. சிவப்பு.

தொட்டிகளைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் எடை போட்டேன். மற்ற ஏழும் என்ன எடையோ, சிவப்பும் அதே எடை. கொண்டுவந்து மாட்டினேன். மறுபடி சிவப்பே கீழே வந்து நின்றது... யாரோ உட்கார்ந்திருப்பது போல.

மறுநாள் காலை லாரி வரும். இப்படிக் கொடுத்தால் வேலை தெரியாதவன் என்று பேர் வரும். அந்தக் கவலையில் பயமே தோன்றவில்லை.

ஏழு பத்துக்குக் கரண்ட் போனது. சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப் பக்கம் பளிச்சென்று எரிந்தது. எங்கள் பக்கம் கும்மிருட்டு.

கிரீச்...

நான் தள்ளவில்லை.

கிரீச்... கிரீச்...

செல்போன் வெளிச்சத்தை அடித்தேன். சிவப்புத் தொட்டி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் காலை உதைத்து ஆட்டுவார்களே, அப்படி.

கம்பியைத் தொட்டேன். ஈரம். கடல் வாடை.

ராட்டினக்காரன் சொல்வதுதான் வாயில் வந்தது.

"ஆட்டம் முடிஞ்சிது. எறங்கு பாப்பா."

ஆட்டம் நின்றது.

தொட்டி மெல்ல எழும்பியது.

தரையில் கிடந்த தகரத்தில்...

டப்.

டப்.

ஓடினேன்.

காலையில் வந்து தள்ளினேன். ராட்டினம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் நின்றது. லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். நிம்மதியாகக்கூட இருந்தது.

ஈஸ்டருக்கு மறுநாள் போன். ஜாஸ்பரின் மனைவி ஆரோக்கியம்மாள்.

"அண்ணே, எம் பொண்ணு ஜெனிஷா சுனாமில பூட்டா. ஒடம்பு கெடைக்கல. ஆனா அந்தச் செவப்புத் தொட்டிய வுட்டு அவ எறங்கவே இல்ல. சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லல. டெய்லி பூங்காவ பூட்டினதும் எதுத்த தொட்டியில நான் ஒக்காந்துக்குவேன். நான் எம்மாங் கனத்தாலும் அவ சரிகட்டிடுவா. பேசிகினே சுத்துவோம்." மூச்சு வாங்கினார். "நேத்து ஒக்காந்தேன். கீழயே கெடக்கறேன்..."

கையிலிருந்த வெல்டிங் கம்பியைக் கீழே வைத்தேன்.

"எறங்கச் சொன்னீங்களாண்ணே?"

"...ஆமாம்மா."

"போவட்டும். ஷெட்டுக் கதவ சாத்தினீங்களா? அவளுக்கு ரோடு தாண்டத் தெரியாது."

அன்றைக்குக் கதவைத் திறந்துபோட்டுத்தான் ஓடினேன். வாசலில் அனல்மின் நிலையச் சாம்பல் லாரிகள் ஓடும் சாலை. மறுநாள் காலையில் வாசல் புழுதியில் சின்னச் சின்ன ஈரக் காலடி, சாலை விளிம்பு வரை போயிருந்தது. ராட்டினம் ஏற்ற வரும் லாரிக்காரன் பார்ப்பதற்குள் நான்தான் பெருக்கித் தள்ளினேன்.

"சாத்திட்டேம்மா" என்றேன்.

சனிக்கிழமை தோறும் அந்த அம்மா கடலூர் பஸ்ஸில் வருகிறார். ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். மூலை மூலையாகப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

நான் வெளியே, சாலையைப் பார்த்து நிற்கிறேன்.