முட்டையில்லா நேர்ச்சை

என் கணவருக்குச் சுகர் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. போன வருடம் டி.பி.யும் சேர்ந்துகொண்டது. "சுகர் இருந்தா எதிர்ப்பு சக்தி குறையும்மா, டி.பி. ஈஸியா பிடிச்சுக்கும்" என்று டாக்டரம்மா விளக்கியபோது நான் பாதிதான் கேட்டேன். மீதி மனம் மாதாவிடம் போய்விட்டது. அன்று சாயந்திரமே கோவிலில் மாதா பீடத்தின் முன் மண்டியிட்டு நேர்ந்துகொண்டேன். இவர் குணமாகும்வரை எங்கள் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் அடுப்பேறாது.

எனக்கு எதிலும் அவசரம். என் வாயை மட்டும் கட்டியிருக்கலாம். அவர் வாயையும் சேர்த்துக் கட்டினேன்.

மாத்திரையோடு சாப்பாடும் முக்கியம், தினமும் இரண்டு முட்டையாவது கொடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தார். பெரிதாகத் தலையாட்டிவிட்டு வந்து ரசம் வைத்தேன். சுகருக்காக அவருக்குச் சோறு ஏற்கெனவே பாதியாகியிருந்தது. மாத்திரையின் வேகத்தில் பருப்பும் பாலும் குமட்டின. ரசமும் கீரையும்தான் உள்ளே போயின. யாராவது கேட்டிருந்தால், மாதா பார்த்துக்கொள்வாள் என்று சண்டைக்கே போயிருப்பேன்.

இரண்டு மாதம் கழித்து எடை பார்த்தார்கள். மூன்று கிலோ இறங்கியிருந்தது. சளியில் கிருமி இன்னும் இருந்தது.

"மாத்திரை ஒழுங்கா எடுக்கறீங்க. அப்புறம் ஏன் வெயிட் இறங்குது? முட்டை சாப்பிடறீங்களா, இல்லியா?" என்று டாக்டரம்மா அவரைக் கேட்டார்.

"டெய்லி ரெண்டு சாப்பிடறேன் டாக்டர்" என்றார் இவர், என் பக்கம் திரும்பாமலே.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. டாக்டரம்மா அதை நம்பி, வேறு என்னென்னவோ டெஸ்ட் எழுத ஆரம்பித்தார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது, திறக்கவில்லை.

ஆட்டோவில் கேட்டேன். "ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"உண்மையச் சொன்னா உன்னத்தான திட்டுவாங்க. நேர்ச்சைய ஒடைக்கச் சொல்வாங்க. ஒடைச்சா உனக்கு எதுனா ஆயிடுமோன்னு பயம்."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல், என்மேல், கொஞ்சம் மாதாமேலும். எங்கள் பேட்டையான ஜோகுபாளையத்துக்குத் திரும்பும் இடத்தில் ஆட்டோவை நிறுத்தி ஒரு டஜன் முட்டை வாங்கினேன். வீட்டுக்கு வந்து புடவைகூட மாற்றாமல் நாலு முட்டையை வேகவைத்து, உரித்து, அவர் முன்னால் வைத்தேன். அவர் தொடவில்லை.

"ஃபாதர ஒரு வார்த்த கேட்டுட்டு வாயேன். அப்புறம் சாப்பிடறேன்."

அதற்கெல்லாம் எனக்குப் பொறுமை இல்லை. முதல் முட்டையை எடுத்து நானே வாயில் போட்டுக்கொண்டேன். அழுதுகொண்டே மென்றேன். தண்ணீர் குடித்து இறக்கினேன்.

"ஒடைச்சாச்சு. வர்றது எனக்கே வரட்டும். சாப்பிடுங்க."

அவர் எடுத்துச் சாப்பிட்டார். மென்று முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கு ஏதாவது ஆகிவிடுகிறதா என்று.