எந்தச் சரி?

தலையணை உறையை உதறி, ஓரங்களைச் சேர்த்து, உள்ளங்கையால் நீவி மடித்துக்கொண்டிருந்தாள். அந்த மருத்துவமனையின் சலவை அறையில் அவளுக்குப் பெயர் "சரி". யார் என்ன கேட்டாலும் சரி என்பாள், பெயர் ஒட்டிக்கொண்டது. உலர்த்தும் இயந்திரங்கள் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தால் அவளுக்கு ஒரு தொல்லையும் இல்லை. அறையை விட்டு வெளியே வந்தால்தான் தொல்லை.

சூப்பர்வைசரம்மா உள்ளே வந்து இயந்திரங்களை நிறுத்தினார்.

"ஏய் சரி, உனக்கு நல்ல சேதி. விசாரணை கவுன்ட்டர் பொண்ணு பிரசவத்துக்குப் போயிட்டா. நாளையிலேர்ந்து நீதான் அங்க. ஏசி, சுத்துற நாற்காலி! எத்தன நாளைக்கு இந்த வெக்கையில வேகப்போற?"

கவுன்ட்டரை அவள் அறிவாள். கண்ணைக் குத்தும் விளக்கு, ஓயாத ஒலிபெருக்கி, ஒரே மூச்சில் நாலு பேர் கேட்கும் கேள்வி. "வேண்டாம்" என்ற சொல் தலைக்குள் தெளிவாக நின்றது. வாய்க்கு இறங்கவில்லை.

"சரி" என்றாள்.

"தங்கம்டி நீ!" என்று சூப்பர்வைசரம்மா போய்விட்டார்.

"டாக்டர் எங்கன்னு கேட்டாலும் சரிம்பா, கக்கூஸ் எங்கன்னு கேட்டாலும் சரிம்பா!" என்றாள் இஸ்திரி போடுகிறவள். அறையே சிரித்தது.

தூக்கம் வரவில்லை என்று இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போயிருந்தாள். அவர் பலமுறை வரவழைத்துப் பேசிவிட்டு, பிறவியிலேயே ஆட்டிசம் இருக்கிறது, பதற்றம் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்றார். பதற்றம் முற்றினால் சிலருக்குப் பேச்சு பூட்டிக்கொள்ளும், பழகின ஏதோ ஒரு சொல் மட்டும் தானாக விழும் என்றார். நாற்பதைத் தாண்டியவள் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தாள். கல்யாணத்துக்குச் சரி. அது முறிந்ததற்கும் சரி. அக்கா வீட்டுப் பின்னறைக்கும் சரி. ஒன்றுக்குக்கூட அவள் சம்மதித்திருக்கவில்லை.

சாயங்காலம் அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கவுன்ட்டர் சேதியைச் சூப்பர்வைசரம்மா மத்தியானமே அக்காவுக்குப் போனில் சொல்லியிருந்தார். இவள் தொட்டியடியில் பாத்திரம் துலக்கினாள். முகத்தைப் பார்க்காவிட்டால் கொஞ்சம் பேச்சு வரும்.

"கவுன்ட்டர் வேணாம்க்கா."

"அய்யோ, ஊரெல்லாம் போன் பண்ணிச் சொல்லிட்டேனே! அப்புறம் ஏன்டி சரின்ன?"

"அது சரி இல்லக்கா. வாய் அடைச்சா அதான் வரும்."

"அடைச்சா வர்றதுக்கு அது என்ன சாக்கடையா?"

"டாக்டரம்மா சொன்னாங்கல்ல…"

"அதெல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்கு. உனக்குக் கழுத வயசாகுது." அக்கா கத்தியை வைத்துவிட்டு எதிரே வந்து நின்றாள். "இங்க வந்து இருக்கியான்னு நான் கேட்டப்பவும் சரின்னுதானே சொன்ன? அதுவும் வாய் அடைச்சா?"

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அக்காவின் முகம் மிகப் பக்கத்தில் இருந்தது.

"சரி" என்றாள்.

அக்கா குழாயை மூடினாள்.

"இது எந்தச் சரிடி?"

ஈரக் கைகள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன. அக்கா துண்டை எடுத்து அந்தக் கைகளின்மேல் போட்டாள்.

"குளிக்கையில தனியாப் பேசுறியே, கூடம் வரைக்கும் கேக்குது. அங்க மட்டும் வாய் வருதா?"

தலையாட்டினாள்.

"அப்ப போனை எடுத்துட்டு பாத்ரூமுக்குள்ள போ. சூப்பர்வைசர்கிட்ட சொல்லவேண்டியத அதுல பேசிப் பதிவு பண்ணிட்டு வா. கதவச் சாத்திக்கோ. நான் ஒட்டுக் கேக்கல."

மறுநாள் காலை சூப்பர்வைசரம்மாவின் மேசை முன் நின்று போனை நீட்டினாள். வாளியில் சொட்டும் தண்ணீருக்கு நடுவே அவள் குரல் கேட்டது: "கவுன்ட்டர் வேலை எனக்கு வேணாம். எனக்கு ஆட்டிசம் இருக்கு. பயந்தா வாய் பூட்டிக்கும், சரிங்கிறது மட்டும் வரும். நேத்து வந்தது அதான்."

சூப்பர்வைசரம்மா அவளையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அட, முதல்ல எல்லாருக்கும் பயமாத்தான் இருக்கும். ஆள் இல்லம்மா. ஒரே ஒரு வாரம். என்ன?"

அந்தச் சொல் தொண்டையில் ஏறிவிட்டது. பல்லைக் கடித்து அங்கேயே நிறுத்தினாள். போனைத் திரும்ப வாங்கி, முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டாள்.