சும்மா பாத்தி

பேயாண்டி பேசும்போது அவருடைய வாயைப் பார்க்கக் கூடாது, வலது கையைப் பார்க்க வேண்டும். வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். கை அது பாட்டுக்கு வேலைக்குப் போய்விடும். வாடிப்பட்டி டீக்கடை வாசலில் தொங்கும் மாவிலைத் தோரணத்தில் காய்ந்த இலையாகப் பார்த்துக் கிள்ளும். பஸ்ஸில் முன் சீட்டு அம்மாளின் கொண்டையில் வாடிப்போன மல்லிகையை நோக்கிப் புறப்பட்டு, பக்கத்தில் இருக்கும் மனைவி ராமக்காள் முறைத்ததும் பாதியில் திரும்பி வரும். கல்யாண வீடொன்றில் வாசல் வாழைமரத்தின் கருகிய நுனியைக் கிள்ளப் போய்ப் பந்தல்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். "கருகுனதத்தானய்யா கிள்ளுனேன், குலையவா கிள்ளுனேன்" என்று அன்று முழுக்க முனகிக்கொண்டிருந்தார்.

அந்தக் கையின் கட்டைவிரல் நகம் ஊரறிந்த நகம். நீளமாக, மஞ்சள் பாய்ந்து, ஓரம் கூராக இருக்கும். சோழவந்தான் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் கூலியாக இருந்த வயதில் வளர்த்தது. பிற்பாடு கொடிக்கால் வேலை போயும் நகம் போகவில்லை. மகள் கல்யாணத்தில் போட்டோ எடுக்க வந்தவர், "அண்ணே, அந்த விரல மடக்கிக்கங்க" என்று சொன்னபோது, மற்ற விரல்களை மடக்கிக்கொண்டு அதை மட்டும் நீட்டி நின்றார். "இந்த நகந்தேன் எங்களுக்குச் சோறு போட்டுச்சு. சம்பந்தி வீட்டுக்காரகளும் பாக்கட்டும்." ஆல்பத்தில் அந்தப் படம் இன்றும் இருக்கிறது.

கூலியாகவே காலம் தள்ளிய குடும்பம் அது. வாய்க்கால் கடைமடையில் பேயாண்டி வாங்கியதுதான் அந்த வம்சத்தின் முதல் நிலம். ஆகவே யார் வந்து அவர் நிலத்தைப் பற்றி விசாரித்தாலும் அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். பூச்சி ஆராய்ச்சி, தண்ணீர் ஆராய்ச்சி, மண் ஆராய்ச்சி என்று யார் வண்டியை நிறுத்தினாலும், "வாங்க, தாராளமா பண்ணுங்க" என்று வரப்புக்கு வழிவிடுவார். ஆராய்ச்சி முடிந்து ஆட்கள் போன பிறகு அவர்கள் நட்டுவைத்த தகரப் பலகைகள் ஆட்டுக்கொட்டகைக்குத் தட்டியாகும். ஒருமுறை கத்தரிச் செடிகளுக்கு நடுவே பூச்சி பிடிக்க மஞ்சள் ஒட்டு அட்டை கட்டினார்கள். அதில் முதலில் ஒட்டியது பேயாண்டியின் தலைத்துண்டு.

அப்படி வந்து சேர்ந்தவள்தான் சரண்யாதேவி. விளாங்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வந்துபோகும் ஆராய்ச்சி மாணவி. கத்தரியில் குருத்தைக் குடைந்து, பிறகு காயையும் குடையும் புழுவுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் கேட்கிறதா என்பது அவள் ஆராய்ச்சி. இரண்டு பெரிய பாத்தி. ஒன்றுக்குக் கரைசல் தெளிக்க வேண்டும். மற்றதற்கு ஒன்றுமே செய்யக் கூடாது, புழு தின்றால் தின்னட்டும் என்று விட்டுவிட வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால்தானே கரைசலின் பலன் தெரியும்.

பேயாண்டி தலையைச் சொறிந்தார். "ஒரு பிள்ளைக்கு வைத்தியம், ஒரு பிள்ளைய வேடிக்கை பாக்குறதா தாயி?"

"ஆமாண்ணே. அப்படித்தான்."

"சரி. சும்மா பாத்தின்னு வச்சுக்கிருவோம். அதுல மருந்துன்னு ஒரு சொட்டு விழாது. முத்தாலம்மன் மேல சத்தியம்."

சத்தியத்தைக் காப்பாற்றினார். ஒரு சொட்டு விழவில்லை. ஆனால் அந்தப் போகத்தில் இரண்டு பாத்தியும் ஒன்றுபோலப் பச்சென்று நின்றன. எதில் பறித்த காய் எது என்று ராமக்காளுக்கே சொல்லத் தெரியவில்லை. அவளுக்குக் கொண்டாட்டம், சரண்யாதேவிக்குத் திண்டாட்டம். அவளுடைய பேராசிரியர், "உன் கரைசலும் பச்சத் தண்ணியும் ஒண்ணுதானா?" என்று போனில் கேட்டுவிட்டார். சரண்யாதேவி வேப்பங்கொட்டையை மாற்றிப் பார்த்தாள், ஊறவைக்கும் நேரத்தை மாற்றிப் பார்த்தாள். சும்மா பாத்தி அசைந்து கொடுக்கவில்லை.

கடைசியில் ராமக்காள்தான் போகிறபோக்கில் போட்டு உடைத்தாள். "ஏம்மா, இந்தாளு வேட்டி மடியில தினமும் கத்தரிக் குருத்தா இருக்கு. துவைக்கையில ஒதறி ஒதறிக் கை வலிக்குது. அதுவும் ஒங்க ஆராய்ச்சிதானா?"

புழு ஏறிய குருத்து வாடித் தலை தொங்கும். அதைக் கிள்ளி எடுத்தால் உள்ளே இருக்கும் புழுவும் சேர்ந்து போகும். பேயாண்டி காலையில் வரப்பில் நடந்தபடி யாரிடமாவது பேசிக்கொண்டே வருவார். கை சும்மா பாத்தியை மேய்ந்துகொண்டே வரும். ஒரு வாடிய குருத்தைக்கூட அது விட்டுவைத்ததில்லை.

சரண்யாதேவி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். பேயாண்டிக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

"கிள்ளுனதெல்லாம் ஒரு மருந்தா தாயி? கொசு கடிச்சாச் சொறியிறோம்ல, அந்த மாதிரிதேன்."

"கிள்ளுறதும் வைத்தியந்தாண்ணே. எங்க பாடத்துலயே இருக்கு. ஒண்ணும் செய்யக் கூடாதுன்னா ஒண்ணுமே செய்யக் கூடாது." அவள் குறிப்பேட்டை மூடினாள். "அடுத்த போகத்தோட எனக்குக் குடுத்த காலம் முடிஞ்சிரும். அதுலயும் ரெண்டும் ஒண்ணா நின்னா என் ஆராய்ச்சி அவ்வளவுதான். நான் பக்கத்து வயல்ல கேட்டுக்கிறேன்."

பக்கத்து வயல் சின்னச்சாமியுடையது. பேயாண்டிக்குச் சுருக்கென்றது. "அவன் ஈ பறந்தாலே மருந்து டப்பாவத் தூக்குறவன். வேணாம் தாயி. எனக்கே இன்னொரு தடவ குடு."

கொடுத்தாள். மறுபடி நாற்று நட்டார்கள். இந்த முறை புழு உறவுமுறையோடு வந்து இறங்கியது. கரைசல் பாத்தி நிமிர்ந்து நிற்க, சும்மா பாத்தியில் குருத்துக் குருத்தாகத் தலை தொங்கியது. பேயாண்டி கைகளைப் பின்னால் கோர்த்துத் துண்டால் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு நடந்தார். சில நாள் எதிர் வரப்பு வழியாகச் சுற்றிப் போனார்.

சின்னச்சாமிக்குப் பொழுது போயிற்று. "என்ன மாப்ள, போலீஸ்காரன் கூட்டிட்டுப் போற மாதிரி போற? ஒம் பாத்தியும் தலையத் தொங்கப்போட்டுருக்கு, நீயும் தொங்கப்போட்டுருக்க."

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும், மனிதர் உண்மையாகவே வாடிப்போனார். சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்துபோனார். அடுத்தவர் வயலில் தாங்கள் நட்ட பயிர் வாடினால் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு மேல் அவருடைய ஆத்தாளுக்கும் அப்பனுக்கும் பாத்தியதை இருந்ததில்லை. சொந்த மண் வந்த பிறகும் பார்த்துக்கொண்டு நில் என்றால் நெஞ்சு அடைக்கத்தான் செய்யும். "நம்ம நெலத்துல நாமளே கூலிக்காரன் மாதிரி நிக்கிறோமே" என்று ராமக்காளிடம் ஒரு நாள் சொன்னார். அவளும் அன்று கேலி செய்யவில்லை.

பேராசிரியர் நேரில் பார்க்க வந்தார். வாடிய குருத்துகளை அவர் முன்னால் எண்ணிக் காட்டிவிட்டால் சரண்யாதேவியின் வேலை கரையேறிவிடும். அதற்காகச் சும்மா பாத்தியின் முதல் வரிசைக்கு வந்து நின்றாள். பேயாண்டி பக்கத்தில் நின்று பேராசிரியருக்கு வாய்க்கால் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருவதற்குள் மேல்மடைக்காரர்கள் படுத்தும் பாட்டை அவர் சொல்ல ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டார்.

பேச்சு சூடு பிடித்தது. கை புறப்பட்டது.

சரண்யாதேவி பார்த்துவிட்டாள். கூப்பிட வாயெடுப்பதற்குள் கை செடிக்குப் போய்விட்டது. வாடித் தொங்கிய ஒரு குருத்தைக் கட்டைவிரல் பிடித்தது, அழுத்தியது. குருத்து வளைந்தது. மறுபடி அழுத்தியது. வளைந்ததே தவிர ஒடியவில்லை.

அப்போதுதான் அவள் விரலைப் பார்த்தாள். நகம் இல்லை. சதையோடு ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. வெகுகாலமாக வெயில் படாத விரல்நுனி வெளிறிக் கிடந்தது.

பேயாண்டியும் தன் கையை அப்போதுதான் கவனித்தார். அசடு வழியச் சிரித்தார். "கை அது பாட்டுக்குப் போகும்னு எனக்குத் தெரியும் தாயி."

பிறகு, தான் வளைத்த குருத்தை முன்பு தொங்கியபடியே பதமாகத் திருப்பி விட்டார். கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மேல்மடைக்காரர் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.