எனக்குப் பெண்பிள்ளைகள் இல்லாததால்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலு மாடிக் கட்டடத்தில் குடியிருந்தேன். எனக்கு நேர் மேலே ஓய்வுபெற்ற இராணுவ சார்ஜன்ட் ஒருவர் வாடகைக்கு வந்தார். கத்தோலிக்கத் தமிழர், கொச்சிக்கடைத் துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகன். சுதந்திரம் கிடைத்த சூட்டோடு படையில் சேர்ந்து, புதிதாக வரும் பையன்களுக்கு அணிநடை பழக்கியவர். படையை விட்டு வந்தபின் கன்னியாஸ்திரிகள் நடத்திய வகுப்பொன்றில் படித்து உளவளத் துணையாளர் ஆனார். காரணம் கேட்டால், "வருசக்கணக்கா பொடியன்மாரை அழ வச்சிருக்கிறேன். ஏன்டா அழுறேன்னு ஒருத்தன்கிட்டயும் கேக்கல்ல" என்பார்.

ஒழுங்கை முனையில் அப்போது சோதனைச் சாவடி இருந்தது. அங்கே நின்ற சிப்பாய்கள் துவக்கைப் பிடித்திருக்கும் விதத்தை அவர் ஒவ்வொரு காலையும் சிங்களத்தில் திருத்துவார். அவர்கள் அவருடைய அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு காலையும் பையைக் கொட்டிக் காட்டச் சொல்வார்கள். இரு தரப்பும் தத்தம் கடமையைச் செய்தன.

அவருக்கு மெதுவாகப் பேச வராது. வந்தவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும் என்று வகுப்பில் படிப்பித்திருந்தார்கள் போலும். அதை அவர் அணிவகுப்புக் குரலில் செய்தார். கதவு, யன்னல் எல்லாவற்றையும் இரகசியத்துக்காகக் கவனமாகச் சாத்திவிட்டு, "அப்ப நீங்க உங்க மாமியாரை வெறுக்கிறீங்க!" என்று முழங்குவார். கீழ்வீட்டு மாமியார்மார் எல்லாரும் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஆச்சரியம் என்னவென்றால், வந்தவர்கள் மறுபடியும் வந்தார்கள்.

கட்டடச் சங்கத்தின் செயலாளர் புறக்கோட்டையில் துணி மொத்த வியாபாரம் செய்பவர். மூன்று பெண்கள். மூத்தவளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்து, தேநீர்த் தட்டு கைமாறிய நேரம் பார்த்து மேலேயிருந்து, "அழுங்க! வெக்கப்படாம அழுங்க!" என்று கேட்டது. பெண்ணின் கண்ணில் உடனே நீர் வந்துவிட்டது. மாப்பிள்ளையின் தாய் மேலே யார் இருக்கிறது என்று விசாரித்தாள். மனநோய்க்குப் பார்க்கிறவர் என்று யாரோ உண்மையைச் சொல்லிவிட்டார்கள். அந்தச் சம்பந்தம் படியிறங்கிப் போனது.

சங்கம் கூடியது. சார்ஜன்டை வீட்டைவிட்டு எழுப்ப வேண்டும் என்பதில் எல்லாரும் ஒரே பக்கம். ஆனால் வீட்டுச் சொந்தக்காரர் லண்டனில் இருந்துகொண்டு சரியான காரணம் கேட்டார். செயலாளரிடம் யோசனை இருந்தது.

"வருத்தமில்லாத ஆள் ஒண்டை அனுப்புவம். இல்லாத வருத்தத்துக்கு அவர் வைத்தியம் பாத்தால் ஆள் போலி எண்டது தெரிஞ்சு போகும்."

"ஆர் போறது? பொம்பிளைப் பிள்ளையள் உள்ள வீட்டுக்காரர் அந்தப் படியில ஏறினால் கதை முடிஞ்சுது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மனைவியை இழந்தவன். ஒரே மகன் கனடாவில், கலியாணம் முடித்துவிட்டான். என்னால் கெட்டுப்போகக்கூடிய சம்பந்தம் உலகத்தில் எதுவும் இல்லை. போதாததற்கு, புதுக்கடை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன்.

"ஐயா எத்தினை பொய்க்காரரைக் கிட்ட நிண்டு பாத்திருப்பார்!" என்றார் செயலாளர். அந்தப் பாராட்டில் நான் மயங்கினேன் என்பதை மறைக்க மாட்டேன்.

காதுக்குள் மணி அடிக்கிறது என்று போய்ச் சொன்னேன்.

"எங்க கோயில் மணியா, உங்க கோயில் மணியா?" என்று சார்ஜன்ட் கேட்டார்.

அவ்வளவு தூரம் நான் யோசித்திருக்கவில்லை. பள்ளிக்கூட மணி என்றேன். "பள்ளிக்கூட மணி!" என்று கட்டடத்துக்கே அறிவித்தார். காலையில் பாமன்கடை வரை கையை வீசி நடந்து திரும்பும்படி சொல்லி, எனக்கு நம்பிக்கை போதாது என்று தானும் கூடவே வந்து "லெப்ட், ரைட்" சொன்னார். பால் வாங்க வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து செயலாளர் வீட்டில் நடித்துக் காட்டுவேன். வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். எனக்கு வடை கிடைக்கும்.

ஒருநாள் சார்ஜன்ட் கேட்டார்: "மணி அடிக்காத நேரம் என்ன கேக்குது?"

ஆயத்தமில்லாத கேள்வி. அதனால்தானோ என்னவோ, பொய் வரவில்லை. என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு காலை என் கையைப் பிடித்து, "இண்டைக்கு நில்லுங்கோவன்" என்றாள். முக்கியமான வழக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனேன். அன்றைக்கு எனக்கு வழக்கே இல்லை. அவளுடைய மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாமல், புதுக்கடைத் தேநீர்க் கடையொன்றில் பின்னேரம் வரை குந்தியிருந்தேன். திரும்பிப் போனபோது அவளுடைய கட்டிலில் வேறொருத்தி இருந்தாள்.

நான் வேலை செய்த காலமெல்லாம் கூண்டில் நின்றவர்களுக்காக "நான் வெட்டினேன்", "நான் திருடினேன்" என்று இங்கிலிஷில் சொல்லியவன். அந்த "நான்" ஒருநாளும் நானாக இருந்ததில்லை.

"மனுசி நில்லுங்கன்னு கேட்டும், வழக்கு இல்லாத நாள்ல, வழக்கு இருக்குன்னு சொல்லிட்டுப் போயிருக்கிறீங்க!" என்று சார்ஜன்ட் திருப்பிச் சொன்னார். கீழே யாரோ தேங்காய் திருவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. நான் குழந்தை மாதிரி அழுதேன். அவருக்கும் கண் கலங்கியது.

படியில் செயலாளர் காத்து நின்றார். "ஐயா, என்ன நடிப்பு! எங்கட மனிசி திருவலையில இருந்தபடி அழுறா!"

அந்த இடத்தில் 'உண்மை' என்ற ஒரு சொல் போதும். நான் சொன்னது இதுதான்: "கொஞ்சம் கூடிப்போச்சோ? அவருமெல்லே அழுதிட்டார்."

அடுத்த கூட்டத்துக்குச் சார்ஜன்டையும் கூப்பிட்டார்கள். "இவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. மணியும் பொய், மனிசி கதையும் பொய். நீங்கள் அதுக்குச் சேர்ந்து அழுதிருக்கிறீங்கள்" என்றார் செயலாளர்.

சார்ஜன்ட் என்னைப் பார்த்தார். எது பொய், எது உண்மை என்று கேட்கிற பார்வை. நான் மேசைவிரிப்பைப் பார்த்தேன். ஒரு கேள்வியை வாய்விட்டுக் கேட்டிருந்தால் அவர் தப்பியிருக்கலாம். அவர் எழுந்து, குதிக்கால் இரண்டையும் சேர்த்து நின்று, "என்கிட்ட வர்ற ஆக்களைப் பத்தி நான் வெளியில கதைக்கிறதில்ல!" என்றார். யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாதம் முடிய அவர் வீட்டைக் காலி செய்தார்.

சில மாதம் கழித்துக் கொட்டாஞ்சேனையில் அவரைத் தேடிப் போனேன். பஸ் திரும்பும் சந்திக்கு மேலே ஓர் அறை. ஹோர்ன் சத்தத்தில் அவர் முழங்குவது யாருக்கும் கேட்காது. தொழில் நன்றாக நடந்தது.

"மணி பொய். மனிசி உண்மை" என்றேன்.

"கமிட்டி அனுப்பினதா?"

"இல்லை. நானாத்தான் வந்தனான்."

என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். "உண்மையா இருக்கும். ஆனா இனி நீங்க என்ன சொன்னாலும் நான் உங்க முகத்தைத்தான் பாப்பேன், சொல்றதைக் கேக்க மாட்டேன். அப்பிடி இருந்துக்கிட்டு இந்த வேலை செய்யேலாது, ஐயா." பிளேன்டீ தந்தார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

"அங்க போய் எல்லாருக்கும் உண்மையைச் சொல்லட்டோ?"

"சொல்லுங்க. அது உங்க வேலை."

அன்று பின்னேரமே செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினேன். மனைவி கையைப் பிடித்தது, நான் சொன்ன பொய், தேநீர்க் கடை, கட்டில் எல்லாவற்றையும் வாசலில் நின்றபடியே சொன்னேன். இது நடிப்பில்லை, நடந்தது என்றும் சொன்னேன்.

செயலாளர் கைதட்டினார். "பாத்தீங்களே, இன்னும் அச்சொட்டாச் செய்யிறார்!"

அவருடைய மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அண்ணை, நீங்கள் ரேடியோ நாடகத்தில இருந்திருக்க வேண்டிய ஆள். உள்ள வாங்கோ. அக்கா வந்து நிக்கிறா, அவ கேக்கேல்லை. அவவுக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ."

உள்ளே போனேன். அக்கா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்து அமர்ந்தாள். முதலிலிருந்து சொன்னேன்.