கொழுந்து லோரி சேகரின் நிலம்

இன்று காலைப் பெரட்டில், தோட்டக் கணக்கெழுதும் கிராணியான நான் ஆட்களின் பெயரைக் கூப்பிட்டு முடித்ததும், தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரியை ஓட்டும் சேகர் வந்து போனை நீட்டினான்.

"கிராணி, இதுதான் என் நெலம்."

போனில் ஏதோ சீட்டு விளையாட்டு. அதற்குள் நிலம் வாங்கி, கையிலிருக்கும் சீட்டுகளை வேலைக்கு நிறுத்தினால் தானியமும் மரமும் விளையுமாம். பிளாக்செயின் என்ற கணினிப் பதிவேட்டில் பதிவாகியிருப்பதால் யாரும் பிடுங்க முடியாதாம்.

எனக்கு வயிறு எரிந்தது. மூன்று தலைமுறையாக இந்தத் தோட்டத்தில் இருக்கிறோம். என் வீடு வேலை இருக்கும் வரைதான் என் வீடு. வாசலில் ஒரு கறிவேப்பிலைக் கன்று நட மேனேஜரிடம் கேட்டதற்கு, "யோசித்துச் சொல்கிறேன்" என்றார். கன்று இன்னும் பிளாஸ்டிக் பையிலேயே நிற்கிறது. இவன் நிலத்திலோ மழையில்லை, அட்டைக்கடியில்லை, காய்ச்சலென்று எம்சி போடும் ஆளுமில்லை.

"அந்தத் தானியம் சோறாகுமாடா?" என்றேன் கடுப்பாக.

அவனுக்குக் கோபமே வரவில்லை. "அது கெடக்கட்டும் கிராணி. மலையில லைன் கெடைக்க மாட்டேங்குது. வெளைஞ்சத தெனமும் எடுத்து வைக்கணும். உங்க ஆபீஸ்ல வைஃபை இருக்குலா. என் நெலத்துக்கும் நீங்களே கிராணியா இருங்களேன்."

மறுத்திருக்க வேண்டும்.

"இருக்கேன். லாபத்துல பங்கு வேணாம், அந்த நெலத்துல ஒரு மூலை என் பேர்ல எழுதிக் குடுப்பியா?"

சேகர் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தான். லோரியில் ஏறி உட்கார்ந்தான்.

"யோசிச்சு சொல்றேன் கிராணி."

நிலம் வந்ததும் எல்லோருக்கும் இதே வாக்கியம் எங்கிருந்து வருகிறது? நிலம் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். யோசிக்காமல்.