பியூலா அக்காவின் இரண்டு கவசங்கள்

செய்தி வந்தபோது நான் கிள்ளானிலிருந்து கமுட்டர் ரயிலில் வந்துகொண்டிருந்தேன். பியூலா அக்காவின் தம்பி ஐசக் அண்ணன் குரல் செய்தி அனுப்பியிருந்தார். "அக்கா காலையில போய்ட்டாங்க. சாயங்காலமே சர்ச்ல ஆராதனை. நீ நேரா பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு வந்துரு. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும், போன்ல முடியாது." இறந்தவரைப் பற்றி இனி என்னிடம் கேட்க என்ன இருக்கிறது? வழியெல்லாம் அழுகை வரவில்லை. அந்தக் கேள்வி என்னவாக இருக்கும் என்ற பயம்தான் இருந்தது.

அவரை மெதடிஸ்ட் தேவாலயத்தில் அறிந்தவர்களும், எங்கள் கவசச் சண்டைக் குழுவில் அறிந்தவர்களும் இதைப் படிப்பீர்கள். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பழைய தொழிற்சாலைக் கூடத்தில், சனிக்கிழமை மாலைகளில், இடைக்கால ஐரோப்பியப் படைவீரர்களைப் போல இரும்புக் கவசம் அணிந்து, முனை மழுங்கிய வாளால் மோதிக்கொள்கிறவர்கள் நாங்கள். அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரரான அக்கா, வேடிக்கை பார்க்க வந்து, அங்கேயே தங்கிவிட்டார்.

உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்று: அவருடைய முதுகெலும்பு சிறுவயதிலிருந்தே ஒரு பக்கமாக வளைந்திருந்தது. தொளதொளத்த மேல்சட்டையும் சால்வையும் அதற்குத்தான். "நான் போனப்புறம் என்ன வேணாலும் எழுதிக்கோ. இங்கிலீஷ்ல மட்டும் எழுதாத, ஆபீஸ் பூரா படிப்பாங்க" என்று ஒருமுறை சொன்னார். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

அவருடைய முதல் கவசத்துக்குக் குழுத் தலைவர் திலீபன் அளவெடுத்தார். கிள்ளானில் இரும்புக் கதவு செய்யும் லிம் அங்கிள், அந்த அளவுகளை வைத்துத் தகடு அடித்துக் கொடுத்தார். பார்க்க அழகாக இருந்தது. மார்புக் கவசத்தின் எடை தோளில் தொங்கக் கூடாது, இடுப்பு ஒடுங்கும் இடத்தில் உட்கார வேண்டும். அக்காவுக்கு அது அங்கே உட்காரவில்லை. ஒரு பக்க விலா எலும்பின்மேல் ஏறி நின்றது. கட்டிவிடுகிற வேலை என்னுடையது என்பதால் என் விரல்களுக்கு அது தெரிந்தது. கேட்டால், "புது செருப்பு மாதிரிதான், பழகிரும்" என்பார்.

கிள்ளானில் ஒரு மண்டபத்தில் அவருடைய முதல் போட்டி. பக்கவாட்டு வாரை இழுத்தபோது அவர் உடம்பு ஒருகணம் விறைத்தது.

"ஒரு ஓட்டை தளத்தட்டுமாக்கா?"

"தளத்தினா ஆடும். கட்டுலா."

கட்டினேன். முதல் சுற்றை நன்றாகவே ஆடினார். எதிரே உயரமான ஒரு பெண். அவளுடைய கேடயத்தை அக்கா இரண்டு தடவை தள்ளிவிட்டார். இரண்டாவது சுற்றின் நடுவில் அப்படியே நின்றுவிட்டார். விழவில்லை, வாள் மட்டும் மெல்லக் கீழே இறங்கியது. "அக்கா, கைய தூக்குங்க, கைய தூக்குங்க" என்று திலீபன் கத்திக்கொண்டிருந்தார். ஓய்வெடுக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நான் கவசத்தின் கீழ்விளிம்பைப் பார்த்தேன். மூச்சு வாங்குகிறவரின் வயிறு அங்கே ஏறி இறங்க வேண்டும். அது அசையவே இல்லை.

ஆட்டம் நடக்கும்போது களத்தைச் சுற்றிய வேலிக்குள் யாரும் போகக் கூடாது என்பது விதி. போனேன். நடுவர் என்னைத் திட்டியது பிறகுதான் நினைவுக்கு வந்தது. வாரின் கொக்கி கழலவில்லை. உள்ளே உடம்பு அதை அவ்வளவு இறுக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. தலைக்கவசத்தின் இடுக்கில் அவர் கண்கள் தெரிந்தன. பேச முயன்றார், காற்று இல்லை. திலீபன் ஓடிவந்து கத்தியால் வாரை அறுத்தார். தகடு விலகியதும் அவர் இழுத்த மூச்சின் சத்தம் மண்டபத்தின் கடைசிவரை கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா கேட்ட முதல் கேள்வி: "தோத்துட்டேனா?"

"மூச்சே நின்னு போச்சு, ஸ்கோர் கேக்கறீங்க" என்றார் திலீபன். அறுத்த வாரை இன்னும் கையில் பிடித்திருந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் காரில் அக்கா சொன்னார். "திலீபன் மேல தப்பில்லமா. யாராவது டேப்ப எடுத்தா நான் நிமிந்துருவேன். ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கும்போதே அப்படித்தான். வயித்த உள்ள இழுத்து, தோள சமமா வெச்சு, ஃபோட்டோக்கு நிக்கிற மாதிரி. அவரு அளந்தது என்னை இல்ல."

இல்லாத ஓர் உடம்புக்கு இரும்பு அடித்து, அதற்குள் இருக்கிற உடம்பைக் கட்டியிருக்கிறோம்.

அதன் பிறகு நான் தேடிப் படித்தேன். அந்தக் காலத்துக் கவசக் கொல்லர்கள், தொலைவில் இருக்கிறவருக்குச் செய்யும்போது அவருடைய உடைகளை வரவழைப்பார்களாம். உடுத்திப் பழகிய துணி உடம்பின் வடிவத்தை மறைக்காது. வயதாகிப் பருத்தவருக்கும், முதுகு வளைந்தவருக்கும் அவரவர் உடம்புக்கேற்பவே தகடு வளைந்தது. இதை அக்காவிடம் சொன்னேன். அடுத்த வாரம், வீட்டில் போட்டுத் தேய்ந்த ஒரு பனியனைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார்.

பட்டறையில் நாங்கள் மூவர் மட்டும் இருந்தோம். லிம் அங்கிள் பனியனை வெளிச்சத்தில் பிடித்து, எங்கே தொய்ந்திருக்கிறது, எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தார். பிறகு அக்காவைச் சால்வை இல்லாமல் நிற்கச் சொன்னார். அக்கா நிமிர்ந்தார். அங்கிள் டேப்பைக் கீழே வைத்துவிட்டார். "நஃபாஸ் லா, நஃபாஸ்" என்றார். மூச்சு விடு, மூச்சு விடு. பட்டறையில் கிரைண்டர் சத்தம்கூட இல்லை. அக்கா என் கையைப் பிடித்திருந்தார், நகம் பதிந்தது. பிறகு மூச்சை விட்டார். தோள் அதன் இடத்துக்கு இறங்கியது. அங்கிள் டேப்பை எடுத்து அளக்கத் தொடங்கினார்.

முடிவில் அங்கிள் ஒன்று கேட்டார். உள்ளே உடம்புக்கு இடம் விட்டாகிவிட்டது. வெளித்தோற்றமும் வளைந்தே இருக்கலாமா, இல்லை, மறுபக்கத்தையும் அதே அளவுக்குப் புடைக்கவைத்து இரண்டையும் சமமாகக் காட்டட்டுமா?

அக்கா வளைந்ததையே கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை.

"சமமா இருக்கட்டும்" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "என்னமா, ஏமாத்தமா? செய்யறவருக்குத் தெரியணும், கட்டிவிடறவளுக்குத் தெரியணும். எதிர்ல நிக்கிறவளுக்கு எதுக்கு? எந்தப் பக்கம் அடிக்கணும்னு நானே காட்டணுமா?"

அந்த இரண்டாவது கவசத்தில் அவர் பல போட்டிகள் ஆடினார். ஜெயித்தது குறைவு. மூச்சு ஒருமுறையும் நிற்கவில்லை. கடைசியில் அதை நிறுத்தியது நுரையீரல் நோய்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் ஐசக் அண்ணன் என்னை உள்ளறைக்கு அழைத்துப் போனார். சவப்பெட்டியில் அக்கா. ஒரு தோள் விளிம்புக்கு மேலே நின்றது. மூடி உட்காரவில்லை.

"லேசா அமுக்கினா நேரா வந்துரும்" என்றார் பெட்டி கொண்டுவந்தவர். அவர் கை ஏற்கெனவே அக்காவின் தோள்மேல் இருந்தது.

"அவ உடம்பு உனக்குத்தான் தெரியும்" என்றார் ஐசக் அண்ணன். "அமுக்கலாமா? சர்ச்ல எல்லாரும் வந்துட்டாங்க. பாஸ்டர் ரெண்டு தடவ கூப்பிட்டுட்டாரு."

"கைய எடுங்க அங்கிள்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "வேண்டாம்ணே. ஆழமான பெட்டி கேளுங்க. அது வரட்டும்."

"லேட்டாகும்மா. ஜாம் வேற."

"ஆகட்டும்ணே."

ஐசக் அண்ணன் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெளியே போய்ப் பாஸ்டருக்குப் போன் செய்தார். புதுப் பெட்டி வரும்வரை நான் அந்த அறையைவிட்டு நகரவில்லை. வந்ததும், தாழ்ந்திருந்த பக்கத்துக்கு அடியில் துணி மடித்து வைத்தேன். மூடி யாரையும் தொடாமல் உட்கார்ந்தது. ஆராதனை ஏன் தாமதமாகத் தொடங்கியது என்று அன்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள் என்றுதான் அக்கா சொன்னார். ஆனாலும் லிம் அங்கிள் எடுத்த அந்த அளவுகளை நான் என்னோடேயே வைத்துக்கொள்கிறேன். முதுகு எந்தப் பக்கம் வளைந்திருந்தது என்பதை இதில் ஓரிடத்திலும் எழுதவில்லை.