சிவப்புக் கார் ஏன் வெளுத்தது என்று கேட்ட அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவர் கார்களுக்குப் பெயிண்ட் அடித்தவர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அந்த வேலையில் அவர் எப்படி நிலைத்தார் என்பதைத் தம்பியாகிய நான் இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்கா பிறந்தது கரிவலம்வந்தநல்லூரில். மணமாகிச் சங்கரன்கோவிலுக்கு வந்தபோது அத்தான் ஒரு பெயிண்ட் கொட்டகை வைத்திருந்தார். பல ஆண்டுகள் தின்னர் வாடையைச் சுவாசித்ததில் அத்தானுக்கு மூச்சிரைப்பு வந்தது. இனி அந்த வேலையே கூடாது என்றார் மருத்துவர். அதுவரை வண்டியின் பள்ளங்களைப் பட்டி பூசி நிரப்பி, உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா முகமூடி அணிந்து ஸ்பிரே கன்னைக் கையில் எடுத்தார். இரண்டு பிள்ளைகளும் அப்போது பள்ளியில் படித்தார்கள்.

அவர் தனியாக அடித்த முதல் வண்டி, சிவகிரிக்காரர் ஒருவரின் சிவப்பு வாடகைக் கார். கல்யாண ஓட்டங்களுக்குப் போகும் வண்டி. ஓராண்டுக்குள் அதன் கூரையும், எஞ்சின் மேலுள்ள முன்மூடியும் வெளுத்துவிட்டன. உரிமையாளர் வந்து நாலு பேர் முன்னால் சொன்னார்: “செங்கல் பொடி பூசுன மாதிரி ஆயிட்டு. பொம்பள கையில குடுத்தது எம் புத்தி.”

பேச்சு ஊரெல்லாம் பரவியது. வண்டிகள் வருவது நின்றது. கொட்டகையை மூடிவிடலாம் என்றார் அத்தான்.

“மூடுறதா இருந்தா மூடுவோம். அதுக்கு முன்னால ஏன் வெளுத்துச்சுன்னு தெரிஞ்சிக்கிடுதேன்” என்றார் அக்கா.

தகரத் துண்டுகளை வெட்டினார். சிவப்பு, கருப்பு, நீலம், வெள்ளை, வெள்ளி என்று அடித்தார். சிலவற்றின் மேல் கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற மேல்பூச்சை மெல்லியதாக ஒரு தடவை விட்டார். சிலவற்றுக்கு நிறைவாக இரண்டு தடவை. ஒவ்வொன்றிலும் பாதியை மூடி, கொட்டகைக் கூரைமேல் கட்டி வைத்தார். வெயிலும் மழையும் மாறி மாறி வந்தன. இடையில் பள்ளிக்கூட பெஞ்சுகளுக்கும் இரும்புக் கதவுகளுக்கும் பெயிண்ட் அடித்துக் குடும்பத்தை ஓட்டினார்.

ஓராண்டு கழித்து அவிழ்த்தபோது நானும் இருந்தேன். மேல்பூச்சு மெலிந்த சிவப்புதான் எல்லாவற்றையும்விட அதிகமாக வெளுத்திருந்தது. கருப்பு சாம்பல் பூத்திருந்தது. வெள்ளையிலும் வெள்ளியிலும் மாற்றம் தெரியவில்லை. மேல்பூச்சு நிறைவாக இருந்த சிவப்பு, மூடிய பாதியைப் போலவே இருந்தது. பெயிண்ட் கடைக்காரர் விளக்கினார்: சிவப்பு நிறப்பொடி வெயிலின் கடுமையான கதிரை வாங்கிச் சிதைந்துபோகும், அந்தக் கதிரைத் தடுப்பது மேல்பூச்சுதான்.

அக்கா அந்தத் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறிச் சிவகிரிக்குப் போனார். கூடப் போன நான் வாசலிலேயே நின்றேன்.

“அண்ணாச்சி, தப்பு எம்மேல இருக்கு. வழிஞ்சிருமோன்னு பயந்து மேல்பூச்ச மெல்லிசா விட்டுட்டேன். வண்டிய அனுப்புங்க, திருப்பி அடிச்சுத் தாரேன்.”

அவர் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்கா நிறுத்தவில்லை.

“உங்க மேலயும் இருக்கு. துணி சோப்புப் பொடி போட்டுக் கழுவுதீங்க. தூசிய காஞ்ச துணியால துடைக்கீங்க. நாளெல்லாம் வெட்டவெளியில நிறுத்துதீங்க.”

அவர் சிரித்துவிட்டார். “இத யாரும் எங்கிட்ட சொல்லலையேம்மா” என்றார். மறுவாரம் கார் வந்தது.

அதன்பின் அந்த வண்டி பல கோடை கண்டது. சற்று மங்கியது, வெளுக்கவில்லை. வண்டிகள் மீண்டும் வந்தன. நிழலில் நிறுத்துங்கள், வண்டிக்கென்று விற்கும் ஷாம்பூவில் கழுவுங்கள், பறவை எச்சத்தை அன்றே ஈரத்துணியால் எடுங்கள், சில மாதங்களுக்கு ஒருமுறை மெழுகு பூசுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் அக்கா சொல்லுவார். கேட்காதவர்களிடம் இரண்டாவது முறையும் சொல்லுவார்.

சிறுநீரகம் பழுதான பிறகும் டயாலிசிஸ் சிகிச்சை இல்லாத நாட்களில் கொட்டகைக்கு வந்தார். கன்னைப் பிடிக்க முடியாமல் போனபோது, நாற்காலியில் அமர்ந்து கன்னை எந்த வேகத்தில் நகர்த்த வேண்டும் என்று மகளுக்குச் சொன்னார். அவர் கடைசியாக வாங்கச் சொன்ன பொருள், மகளுக்கு ஒரு நல்ல முகமூடி.

வாரந்தோறும் அவரைத் திருநெல்வேலி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று காத்திருந்த ஓட்டுநர்களுக்கும், செவிலியருக்கும், இறுதி நாளில் தோள் கொடுத்தவர்களுக்கும், அத்தானைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்ளும் அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. யாரையேனும் குறிப்பிட மறந்திருந்தால் அது என் பிழை.

கொட்டகையை இப்போது அக்காவின் மகள் நடத்துகிறாள். செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை.